தேநீர் குடித்துவிட்டு வாங்கிய வண்டி: பழைய மோட்டார்ஹோம் ஒன்றின் முதல் ஆண்டு

மோட்டார்ஹோம் என்பது படுக்கையும் அடுப்படியுமாக ஓடும் வீடு. எங்கள் வண்டி 2009இல் பதிவானது. ஏழு மீட்டர் நீளம். ஆறு பேர் படுக்கலாம், ஆறு பேர் இருக்கைப் பட்டி போட்டு உட்காரலாம். அடிவண்டி, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் உள்ள கீழ்ப்பகுதி, ஃபியட் டுகாட்டோ; 2.3 லிட்டர் டீசல், புகை அளவில் யூரோ 4 தரம். ஓடிய தூரம் 41,000 மைல். கேட்ட விலை 24,500 பவுண்ட்; 2023 அக்டோபரில் நாங்கள் கொடுத்தது 22,000. வாங்கியது லண்டன் ஹாரோவில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று: நான், மனைவி, பதினான்கும் பத்தும் வயதான இரண்டு பிள்ளைகள், எழுபத்தொரு வயது அம்மா. அதற்கு முன் கூடாரத்தில்கூட ஓர் இரவு தூங்கிய அனுபவம் எங்களில் எவருக்கும் இல்லை.

இனி எழுதுவது அந்த முதல் ஆண்டின் கணக்கு. எதைப் பார்த்து வாங்கினோம், எதைப் பார்க்கத் தவறினோம், மேம்படுத்துகிறோம் என்று எண்ணி எங்கே பணத்தைக் கொட்டினோம் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தொடக்கத்திலேயே தப்பித்தோம். முதலில் மனதுக்குப் பிடித்த வண்டி இதைவிட அழகானது. "ஆறு பேருக்கானது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தபோதுதான் ஆறு என்பது படுக்கைக் கணக்கு என்று புரிந்தது; இருக்கைப் பட்டி நான்குதான். பழைய மோட்டார்ஹோம்களில் இது மிகச் சாதாரணம். இரவில் ஆறு பேர் தூங்கலாம், பகலில் நான்கு பேர்தான் பயணம் செய்யலாம். மீதி இரண்டு பேர் ரயிலில் வர வேண்டும் போலும். நாங்கள் ஐந்து பேர் என்பதால் அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

இரண்டாவது வண்டி லிங்கன்ஷயரில், ஓய்வுபெற்ற கணவன் மனைவியின் வீட்டு முற்றத்தில் நின்றது. பதிவெண்ணை வைத்து எம்.ஓ.டி. என்ற ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையின் வரலாற்றை அரசு இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்திருந்தேன். பணம் கட்டாமல் எவரும் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருந்தது. கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. வி5சி பதிவுப் பத்திரத்தில் இருந்த முகவரியில்தான் வண்டியும் நின்றது. இதுவரை எல்லாம் சரி.

உள்ளே அழைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டினார்கள். வண்டிக்குள் லாவெண்டர் மணம். மெத்தைகள் பட்டு உறையில் பளபளத்தன. பின்மூலைக் கட்டிலின் மேல் தலையணைகளையும் போர்வைகளையும் அழகாக அடுக்கியிருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு, மெத்தையைத் தூக்கி, அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் ஒரு வீட்டில் போய்த் தேநீர் குடித்துவிட்டு அந்த வீட்டம்மாவின் கண்ணெதிரே அவருடைய படுக்கையைக் கலைப்பது எப்படி? நம் வளர்ப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. விருந்தாளியாக உட்கார்ந்த பிறகு வியாபாரியாக எழுந்திருக்க முடியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துத் தலையாட்டிவிட்டு 2,500 பவுண்ட் குறைத்துக் கேட்டேன். உடனே சம்மதித்தார்கள். பேரத்தில் வென்றேன் என்று திரும்பும் வழியெல்லாம் மகிழ்ச்சி.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒரு வேறுபாடு உண்டு. விற்பனை நிலையத்தில் வாங்கியிருந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான வண்டியை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொன்னபடி பொருள் இருந்தால் போதும், மீதி வாங்குபவர் பாடு. விற்பனை நிலையங்கள் கூடுதலாகக் கேட்ட இரண்டு மூன்று ஆயிரம் எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை.

வண்டியை ஹாரோவுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா படியேறி உள்ளே வந்தார். இரண்டு அடி வைத்தார், நின்றார். "தம்பி, மழைக்காலத்து அரிசிச் சாக்கு மணக்கிறது" என்றார். லாவெண்டரைத் தாண்டி அந்த மணத்தைப் பிடித்த ஒரே மூக்கு அதுதான். நான் சிரித்தேன்.

மூலையில் 35 சதவீதம்

மோட்டார்ஹோமின் அடிவண்டியை ஒரு நிறுவனம் செய்கிறது. அதன் மேல் வீட்டுப் பெட்டியை இன்னொரு நிறுவனம் கட்டுகிறது. எம்.ஓ.டி. சோதனை பார்ப்பது பிரேக், விளக்கு, துரு, புகை போன்றவற்றைத்தான். சுவர், கூரை, எரிவாயு, வீட்டு மின்சாரம் எதையும் அது தொடாது. அவற்றுக்குத் தனியாக வாழ்பகுதிச் சோதனை செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியதை நாங்கள் வாங்கி ஒரு மாதம் கழித்து, 240 பவுண்ட் கொடுத்துச் செய்தோம்.

பரிசோதகர் சிறிய ஈரமானியைச் சுவரில் இரண்டடிக்கு ஒரு முறை வைத்து, ஒரு வரைபடத்தில் எண்களை எழுதிக்கொண்டே போனார். 15 சதவீதம் வரை கவலையில்லை. 20ஐத் தாண்டினால் எங்கோ நீர் இறங்குகிறது. 30ஐத் தாண்டினால் உள்ளே மரம் கெடத் தொடங்கியிருக்கும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. முன்பக்கம் 12, 13, 12 என்று எழுதிய பேனா, பின்மூலையில் 28 எழுதியது. வெளியே வெயில்மறைப்பைப் பொருத்திய தண்டவாளத்துக்கு நேர்கீழே 35. தலையணைகள் அடுக்கியிருந்த அதே மூலை.

இந்தப் பெட்டிகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது தெரிந்தால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். வெளியே மெல்லிய அலுமினியமோ கண்ணாடி இழையோ, நடுவே நுரைப்பலகை, உள்ளே ஒட்டுப்பலகை, இவற்றைப் பிடித்து நிறுத்த மென்மரச் சட்டங்கள். சுவரும் கூரையும் சேரும் விளிம்புகளிலும் திருகாணி இறங்கிய இடங்களிலும் அடைப்புப் பசைதான் மழையைத் தடுக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மயிரிழைப் பிளவு. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நீர் உள்ளே போய், வெளியேற வழியின்றி மரச்சட்டத்தில் ஊறுகிறது. உள்சுவரில் கறை தெரியும் நாளில் சட்டம் ஏற்கெனவே கேக் போல உதிரும். எங்களுடையது அப்படித்தான் உதிர்ந்தது. விரலால் கிள்ளி எடுக்க முடிந்தது.

தண்டவாளத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, உட்பலகையை அறுத்தெடுத்து, சட்டங்களை மாற்றி, மூன்று வாரம் ஈரநீக்கி வைத்துக் காயவிட்டு, புதிய பசையில் திரும்பப் பொருத்தினார்கள். 2,900 பவுண்ட். ஒரு தவறு நடக்காதிருந்தால் இன்னும் 500 குறைந்திருக்கும். முன்பு யாரோ அந்தப் பிளவின் மேல் குளியலறைச் சிலிக்கோனைப் பூசியிருந்தார்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. அதை முழுவதும் நீக்கவே ஒரு நாள் போயிற்று. பிளவைக் கண்டவுடன் சிலிக்கோன் குழலைத் தேடும் கை என்னுடையதும்தான், ஆகவே அந்த முகம் தெரியாத முன்னோரைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

டயர்களைப் பற்றி விற்றவர் "புதியதைப் போன்றவை" என்றார். பொய்யில்லை, ஏழு மில்லிமீட்டர் தடம் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் 1713 என்ற நான்கு இலக்கம்: 2013ஆம் ஆண்டின் 17ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேய்வதில்லை; மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்துடன் நின்று, வெயிலில் வெடித்துச் சாகிறது. நான்கையும் மாற்ற 540. எஞ்சினின் ரப்பர்ப் பட்டையான டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது எதுவும் இல்லை. மைல் குறைவு என்றாலும் ரப்பருக்கு வயது உண்டல்லவா? அதையும் சேர்த்து எஞ்சின் பராமரிப்புக்கு 850. எரிவாயு ரப்பர்க் குழாயிலும் ஆண்டு அச்சிட்டிருந்தது. குழாயும் ரெகுலேட்டரும் மாற்ற 160.

பரிசோதனைக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் 4,690 பவுண்ட். இதில் ஒரு பைசாவும் கண்ணுக்குத் தெரிகிற எதிலும் போகவில்லை. பேரத்தில் நான் வென்ற 2,500 இப்போது சிறு தொகையாகத் தெரிந்தது.

எடைமேடை

2024 பிப்ரவரி பள்ளி விடுமுறையில் பீக் மாவட்டத்துக்கு முதல் பயணம். இரண்டாம் இரவு தூக்கத்தில் சளசளவென்ற ஒலி. வண்டிக்கு அடியில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி உடைந்துவிட்டது என்று டார்ச்சுடன் மண்ணில் படுத்துத் தேடினேன். உடைந்தது எதுவும் இல்லை. வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கினால், நீர் உறைந்து கொதிகலனைப் பிளந்துவிடாதபடி ஒரு வால்வு தானே திறந்து அதை வடித்துவிடுகிறது. கையேட்டில் எழுதியிருந்தது. கையேடு தலையணைக்குக் கீழே இருந்தது.

அந்த உற்சாகத்தில், மேம்படுத்தும் படலம் தொடங்கியது. மிதிவண்டி தாங்கியும் நான்கு மிதிவண்டிகளும். இரண்டாவது ஈய அமில பேட்டரி. கூரையில் 120 வாட் சூரியத் தகடு. தொலைக்காட்சியும் அதற்கு ஒரு தட்டு ஆன்டெனாவும். எல்லாம் சேர்ந்தபோது வண்டி பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தாற்போல் இருந்தது. மனைவிதான் சொன்னார், "ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் என்ன?" மே மாதத்தில் ஐந்து பேரும் ஏறி, நீர் நிரப்பி, அரிசி முதல் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி வரை ஏற்றி, பொது எடைமேடைக்குப் போனோம்.

மொத்தம் 3,580 கிலோ. பின்னச்சில், அதாவது பின்சக்கரங்களின் மேல், மட்டும் 2,110.

உச்ச எடை 3,500, பின்னச்சுக்கு 2,000. இரண்டையும் மீறியிருந்தோம். தயாரிப்பாளரின் ஏட்டில் இயங்குநிலை எடை, அதாவது ஓட்டுநரோடு, சாமான் ஏற்றாத எடை, 2,960 என்றிருந்தது. ஆக ஏற்றக்கூடியது 540 கிலோ. பெரிய எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஏட்டுக் கணக்கில் ஓட்டுநர் 75 கிலோ, நான் 84. மற்ற நால்வரும் 205. நீர்த்தொட்டி நூறு லிட்டர், அதாவது நூறு கிலோ. வெயில்மறைப்பு 28. துணிமணி, படுக்கை, உணவு, நாற்காலி, மேசை, மின்கம்பி என்று போனால் 540 எங்கே கரைந்தது என்றே தெரியாது.

மிதிவண்டிகளின் கதை இன்னும் மோசம். தாங்கியோடு சேர்த்து 62 கிலோதான். ஆனால் அது பின்னச்சுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே நான்கு மீட்டர். ஏற்றம் இறைக்கிற துலா போலத்தான்: பின்னச்சின் மேல் விழுவது 96 கிலோ, முன்னச்சு 34 கிலோ இலேசாகிறது. இழுவைச் சக்கரங்கள் முன்னால் இருக்கிற வண்டியில் முன்பக்கம் இலேசானால் ஈரப்புல்லில் சக்கரம் வெறுமனே சுழலும். பீக் மாவட்டத்திலேயே ஒரு விவசாயியின் டிராக்டர் எங்களை இழுத்துவிட்டதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. அன்று மிதிவண்டி இல்லை, ஆனால் பின் அலமாரியில் இல்லாத பொருளும் இல்லை.

உச்ச எடையை 3,850 ஆக உயர்த்தி மறுபதிவு செய்து தருபவர்கள் உண்டு. எங்களுக்கு உதவாது. 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்களுக்குப் பி வகை உரிமம். எங்களுடையதைப் போன்ற டீசல் வண்டியில் 3,500 கிலோவோடு சரி. நான் தேறியது 2004இல். 1989இல் தேறிய மாமாவுக்கு சி1 உரிமம் தானாகவே கிடைத்திருக்கிறது. 7,500 கிலோ வரை ஓட்டலாம். எழுபது வயதில் மருத்துவச் சான்றுடன் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். "நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் இருங்கள்" என்றார் மாமா. அவர் ஓட்டி நான் பார்த்திருக்கிறேன். எடையைக் குறைப்பது என்று முடிவாயிற்று.

மிதிவண்டியும் தாங்கியும் போயின. தேவைப்பட்ட ஊரில் வாடகைக்கு எடுத்தோம். நீர் 20 லிட்டருடன் புறப்பட்டு, முகாமில் நிரப்பினோம். 80 கிலோ மிச்சம். இரண்டு ஈய பேட்டரிகள் ஐம்பது கிலோ. அவற்றுக்குப் பதில் 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, பன்னிரண்டு கிலோ. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஆகவே இரண்டின் வேலையை ஒன்று செய்தது. அதை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. அளவு மீறி மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். இடையில் 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தும் மின்னேற்றி வேண்டும். இரண்டும் சேர்த்து 1,050. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை மின்னேற்றக் கூடாது என்பதால் அதை வண்டிக்குள், இருக்கைக்கு அடியில் வைத்தோம். மறுபடி நிறுத்தபோது 3,400; பின்னச்சு 1,950.

முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டு மேம்படுத்தியிருந்தால் 120 பவுண்ட் பேட்டரியும் 340 பவுண்ட் தாங்கியும் வாங்கியிருக்க மாட்டோம். 460 பவுண்ட் தொலைக்காட்சியை இதுவரை இரண்டு முறை போட்டிருக்கிறோம்.

அம்மாவின் அடுப்படி

பேட்டரியில் சோறாக்கும் மின்குக்கரை ஓட்ட இன்வெர்ட்டர் வாங்கவும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 450 வாட், 12 வோல்ட்டில் இழப்போடு 40 ஆம்பியர், அரை மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணி. முடியும்தான். அம்மா கேட்டுவிட்டு, "எரிவாயுவில் குக்கர் மூன்று விசில் அடித்தால் சோறு. இதற்கு எதற்கு மின்சாரம்?" என்றார். இன்வெர்ட்டர் பட்டியலிலிருந்து நீங்கியது. முதல் விசிலுக்கு மட்டும் பக்கத்து வண்டியிலிருந்த ஆங்கிலேயர் எரிவாயு எச்சரிக்கை ஒலி என்று எண்ணி வெளியே ஓடிவந்தார். பிறகு பருப்பு வாங்கிக்கொண்டு போனார்.

அடுப்படியில் இரண்டு பாடங்கள். ஒன்று, பிட்டும் இடியப்பமும் அவித்தால் எழும் ஆவி முழுவதும் குளிர்ந்த சன்னலிலும் சுவர் மூலையிலும் போய் நீராகிறது. 2,900 பவுண்ட் கொடுத்து வெளியேற்றிய ஈரத்தை நாமே உள்ளிருந்து ஏற்றுவது போலத்தான். அவிக்கும்போது கூரைச் சன்னலைத் திறப்பது இப்போது சட்டம். நல்ல காலநிலையில் அவிப்பது வெளியே, தனி அடுப்பில். மற்றது பயங்கரமானது. தரையில் இருந்த ஒரு துளை வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அம்மா அதில் பழைய துவாயைத் திணித்துவிட்டார். அது காற்றுக்காக வைத்த துளை அல்ல, எரிவாயுவுக்கானது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். வெளியேறத்தான் அந்த வழி. இரண்டு இரவு அது அடைபட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானைப் போல இதற்கு ஒலி எழுப்ப எதுவும் எங்களிடம் அப்போது இல்லை. இப்போது துளைக்கு மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.

வண்டி ஹாரோவில் நிற்பதில்லை. புகை கூடிய வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதற்கும் விரிந்துவிட்டது; யூரோ 6க்குக் குறைந்த டீசல் வண்டி ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். எங்களுக்கு 22,000க்குக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாட்ஃபோர்டுக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆண்டுக்கு 600 பவுண்டுக்கு நிறுத்துகிறோம். வீட்டிலிருந்து காரில் போய், சாமான் மாற்றி, அங்கிருந்தே புறப்பாடு. உப்பை மறந்தால் திரும்பி வர முடியாது.

ஆகஸ்டில் ஸ்காட்லாந்து. இன்வர்னஸிலிருந்து வடகடலோரத்தைச் சுற்றும் ஐந்நூறு மைல் பாதையில் பதினொரு நாட்கள். அப்பிள்கிராஸ் என்ற ஊருக்கு 626 மீட்டர் ஏறும் பியலாக் நா பா கணவாயின் அடிவாரத்தில் பெரிய வண்டிகளுக்கு உகந்ததல்ல என்ற பலகை நிற்கிறது. மகனுக்கு ஏறிப் பார்க்க ஆசை. ஷீல்டேக் வழியாகக் கடலோரச் சாலையில் சுற்றிப் போனோம். அதுவும் ஒற்றைப் பாதைதான். எதிரே வருபவருக்கு வழிவிடும் இடங்களில் ஒதுங்கி ஒதுங்கி, கையசைத்துக் கையசைத்து என் வலக்கை வலித்தது. அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து, தன் சிறுவயதில் சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போன கூடார வண்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அதிலும் பானை சட்டியெல்லாம் ஏற்றித்தான் போனார்களாம். மாடு நின்றால் எடை கூடிவிட்டது என்று பொருளாம்.

ஓராண்டுக் கணக்கு: வண்டி 22,000, கட்டாயப் பழுதுபார்ப்பு 4,690, பயன்பட்ட மேம்பாடுகள், அதாவது லித்தியம், மின்னேற்றி, சூரியத் தகடு, எச்சரிப்பான்கள், 1,400, வீணானவை 920. ஆக 29,010. காப்புறுதியும் நிறுத்துமிடமும் தனி. தூங்கிய இரவுகள் 31. பணத்தை மட்டும் பார்த்தால் விடுதியில் அறை எடுத்திருக்கலாம், அதில் சந்தேகமே இல்லை.

2024 நவம்பரில் அதே பரிசோதகர் வந்தார். பின்மூலையில் 14 என்று எழுதினார். அந்த எண்ணைப் படம்பிடித்து மாமாவுக்கு அனுப்பினேன். அதற்குள் அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது. பெட்ஃபோர்டில் ஒரு வண்டி பார்த்து வைத்திருந்தார். கூடவே போனேன். அங்கும் அன்பான வீட்டம்மா, அங்கும் தேநீர். கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பின்மூலை மெத்தையைத் தூக்கினேன். மாமா சங்கடத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரமானி 26 காட்டியது.